கண் அளவு

ஸ்கோர் புத்தகத்தில் அது இன்னும் ஆறுதான்.
பதினேழாவது ஓவர், நாலாம் பந்து,
போட்டவன் இஸ்ஸத், அடித்தவன் நான்.
நீலப் பேனையால் எழுதியிருக்கிறது.
பக்கத்தில் வேறொன்றும் இல்லை,
எழுத அங்கே கட்டமும் இல்லை.

மட்டையின் நடுவில் பட்டால் கைக்கு ஒன்றும் தெரியாது.
அன்றும் அப்படித்தான், பாரமே இல்லாமல் எழும்பி
கடதாசி ஆலைப் பக்கத்துக் காற்றில் கொஞ்சம் வளைந்து
கயிற்றுக்கு வெளியே
சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்த
ஜெஸீமாவிடம் போனது.

பிள்ளைக்கு யோகட் கரண்டி தேடிக் குனிந்திருந்தாளாம்.
சனம் கத்தின சத்தத்துக்கு நிமிர்ந்தாளாம்.
"பந்தைப் பார்த்திருக்க வேணும்"
என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள்,
பந்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

நடுவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார்.
ஒலிபெருக்கி என் பெயரை மூன்று தரம் சொன்னது.
இஸ்ஸத் எல்லைக்கு ஓடினான்.
பந்தெடுக்க ஓடுகிறான் என்று நினைத்து
நான் கையுறையைச் சரிசெய்தேன்.
அவள் அவனுடைய ராத்தா.

வாழைச்சேனை ஆஸ்பத்திரி,
அங்கிருந்து அம்புலன்சில் மட்டக்களப்பு,
இடது கண்.
மேட்ச் நாங்கள் வென்றோம்.

கழகக் கூட்டத்தில் தவேந்திரன் சொன்னார்:
"ரிக்கெற்றுக்குப் பின்னால ஒரு வரி அடிப்பம்,
பந்து பட்டால் கழகம் பொறுப்பல்ல."
வலை கட்டினால் விளம்பரத் துணி மறையும் என்றார் ஒருவர்.
"கிரிக்கெட் எண்டா பந்து வரும்,
தெரிஞ்சுதானே வாறாங்க" என்றார் தலைவர்.
ஸ்கோர் எழுதுகிற பொடியன் வாய் திறந்தான்:
"மழை வரும் எண்டு தெரிஞ்சுதான் கூரை போடுறம்."
அவனை வெளியே போய்த் தேத்தண்ணி சொல்லச் சொன்னார்கள்.

எனக்குத் தலைக்கவசம் இருந்தது,
காலுக்கும் தொடைக்கும் கைக்கும் காப்பு இருந்தது,
அடிவயிற்றுக்குக்கூட.
பந்தை நேருக்கு நேர் பார்த்து நிற்கிறவனுக்கு இவ்வளவு.
பிள்ளைக்குக் கரண்டி தேடுகிறவளுக்கு
ஒரு சுண்ணாம்புக் கோடு.
இதை நான் கூட்டத்தில் சொல்லவில்லை.
வீட்டுக்கு வந்து குளிக்கும்போது சொன்னேன்.

துறைமுகத்தில் மில்ரோய் அண்ணனிடம் போனேன்.
"எத்தின இஞ்சிக் கண்? என்ன மீனுக்கு?"
காற்சட்டைப் பையிலிருந்து பந்தை எடுத்துக் கொடுத்தேன்.
அவர் ஒன்றும் கேட்கவில்லை.
வலைக் கண்ணுக்குள் அதைத் திணித்துப் பார்த்தார்.
"மூண்டில பூந்திரும். ரெண்டரை எடு.
இறுக்கிக் கட்டாத மனே, தொய்வா விடு,
வாற வேகத்த வலை வாங்கிக்கொள்ள வேணும்."
விலை பேசும்போது கண் கண் என்றே சொன்னார்.
எனக்கு ஒவ்வொரு தரமும் தொண்டை அடைத்தது.
என் மோட்டார் சைக்கிள் விற்ற காசுக்கு நாற்பது அடி வந்தது.

"ஒண்டும் தெரியுதில்ல, மீன் மணக்குது" என்றார்கள்,
முதல் மூன்று ஓவருக்கு.
பிறகு வலையை மறந்துவிட்டார்கள்.

மாசியில் அவள் வந்தாள், கறுப்புக் கண்ணாடியோடு.
நான் மன்னிப்புக் கேட்க வசனம் யோசித்து வைத்திருந்தேன்.
அவள் என் பக்கம் திரும்பவேயில்லை.
வலை முடிகிற கம்பத்தடியில் நின்றுகொண்டு
கைப்பிள்ளையோடு வெளியே இருந்த ஒருத்தியிடம்
"இஞ்சால வாங்க, இஞ்சால" என்று கதிரையை இழுத்தாள்.

ஏழாவது ஓவரில் ஒன்று வந்தது.
வலை வயிறு தள்ளி வாங்கி
புல்லில் மெல்லப் போட்டது.
கைப்பிள்ளை சிரித்தது.
ஜெஸீமா மட்டும் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்தி
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

இன்னும் அறுபது அடி வேணும்.
தவேந்திரன் கணக்குப் பார்க்கிறார்.